டூரன்மாட்: ஓர் அரிய சுவிஸ்-ஜெர்மன் குடும்பப்பெயரின் பிறப்பும் பரவலும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நாடக ஆசிரியர் ஃபிரீட்ரிஹ் டூரன்மாட் வழியாக இந்தப் பெயரை அறிந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரைக் குடும்பப்பெயராகக் கொண்டவர்கள் சுவிட்சர்லாந்திலேயே மிகச் சிலர்தான். இந்தப் பெயர் எங்கே பிறந்தது, எவ்வளவு அரிது, அரிதாகவே நின்றுபோனது ஏன் என்ற கேள்விகளுக்கு இப்பக்கம் விடையளிக்கிறது. சுவிஸ்-ஜெர்மன் பெயர்கள் பலவற்றுக்கும் பொதுவான செய்திகள் இதில் இருப்பதால், வேறொரு அரிய பெயரை ஆராய்பவர்களுக்கும் இது பயன்படும்.

இந்தப் பெயருக்கு என்ன பொருள்?

பெயரில் இரண்டு சொற்கள் உள்ளன. ‘டூர்’ என்பது வறண்ட, காய்ந்த என்று பொருள்படும் அடைமொழி. ‘மாட்’ அல்லது ‘மாட்டெ’ என்பது சுவிஸ்-ஜெர்மனில் புல் அறுத்துக் காயவைத்துக் குளிர்காலத் தீவனமாகச் சேமிக்கும் நிலத்தைக் குறிக்கும். மாடுகளை நேரடியாக மேயவிடும் நிலத்துக்கு வேறு சொல் இருக்கிறது. கோடையில் மந்தையை ஓட்டிச் செல்லும் உயர்மலை மேய்ச்சல் நிலத்துக்கு ‘ஆல்ப்’ என்ற இன்னொரு சொல் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் நன்கறிந்த ஸெர்மாட், ஆண்டர்மாட் ஆகிய ஊர்ப்பெயர்களின் இறுதியில் வருவதும் இதே ‘மாட்’தான்.

ஆகவே ‘வறண்ட புல்நிலம்’ என்பது நேர்ப்பொருள். ஆல்ப்ஸ் மலையடிவார உழவரின் கண்ணில் இது அழகுக்காகச் சொன்ன அடைமொழி அன்று, ஒரு நிலத்தின் மதிப்பீடு. பெர்ன் மாநிலத்தின் வடகிழக்கில், லாங்கெட்டே ஆற்றங்கரையில், வாய்க்கால் வெட்டி ஆற்றுநீரைப் பாய்ச்சிப் புல் வளர்த்த ‘வாஸ்ஸர்மாட்டன்’ எனப்படும் நீர்ப்பாசனப் புல்நிலங்கள் இடைக்காலம் முதலே இருந்தன. அவற்றின் எச்சங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. நீர் கிடைக்கும் நிலம், கிடைக்காத நிலம் என்ற வேறுபாடு எத்தனை மாடுகளைக் குளிர்காலம் முழுவதும் காப்பாற்ற முடியும் என்பதைத் தீர்மானித்தது. அந்த வேறுபாட்டை நிலத்தின் பெயரிலேயே பதித்து வைத்தார்கள்.

பெயரின் நடுவில் வரும் ‘அன்’ என்ற அசை எதற்கு?

அது தமிழின் நான்காம் வேற்றுமைக்கு நிகரான ஜெர்மன் வேற்றுமை வடிவத்தின் தடயம். ‘வறண்ட புல்நிலத்தில் இருக்கும் ஹன்ஸ்’ என்று ஒருவரைச் சுட்டும்போது ‘ட்சூர் டூரன் மாட்’ என்ற தொடர் வரும். அப்போது அடைமொழி ‘டூரன்’ என்று திரியும். காலப்போக்கில் ‘ட்சூர்’ என்ற முன்னிடைச்சொல் உதிர்ந்துவிட்டது, திரிந்த வடிவம் மட்டும் பெயரில் உறைந்து நின்றது. எனவே இந்தப் பெயர் தொடங்கியபோது ‘இன்ன இடத்தில் குடியிருப்பவர்’ என்ற முகவரியாகவே இருந்திருக்கிறது என்பதற்கு அந்த ஓர் அசையே சான்று.

எல்லா இடங்களிலும் முன்னிடைச்சொல் உதிரவில்லை. பாலத்தருகே வாழ்ந்தவர் ட்சூர்பிரிகன், செங்குத்துச் சரிவில் வாழ்ந்தவர் ஆம்ஷ்டுட்ஸ், வேலியடைத்த சிறு நிலத்தில் வாழ்ந்தவர் இன்டெர்பிட்சின் என்று, வாலிஸ் மாநிலத்திலும் நடு சுவிட்சர்லாந்திலும் அது பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. எம்மென்டால் பகுதியின் நொயன்ஷ்வாண்டர் போன்ற பெயர்களில் முன்னிடைச்சொல் போய், இறுதியில் ‘அர்’ என்ற விகுதி சேர்ந்திருக்கிறது. ‘ஷ்வாண்ட்’ என்பது மரங்களின் பட்டையை உரித்துப் பட்டுப்போகச் செய்து திருத்திய நிலம். வேரோடு தோண்டித் திருத்திய நிலத்துக்கு ‘ரூட்டி’ என்று பெயர். காடு எந்த முறையில் அழிக்கப்பட்டது என்பதைக்கூட ஒரு குடும்பப்பெயர் சொல்லிவிடும் என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும் செய்தி.

இந்தக் குடும்பம் எந்த ஊரைச் சேர்ந்தது? எழுத்தாளர் வாழ்ந்த நுஷாட்டெல் நகரமா?

இல்லை. எழுத்தாளர் 1921 ஜனவரி 5 அன்று பெர்ன் மாநிலத்தின் எம்மென்டாலைச் சேர்ந்த, இன்று கோனோல்ஃபிங்கன் எனப்படும் ஊரில் பிறந்தார். 1935இல் குடும்பம் பெர்ன் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1952 முதல் 1990 டிசம்பர் 14இல் இறக்கும் வரை, பிரெஞ்சு பேசும் நுஷாட்டெல் நகரில் வாழ்ந்தார். இந்த மூன்று ஊர்களில் எதுவும் பெயரின் பிறப்பிடம் அன்று. குடும்பத்தின் பூர்விக ஊர் குகிஸ்பெர்க். அது பெர்ன் நகருக்குத் தெற்கே, ஷ்வார்ட்சன்பூர்க் வட்டாரத்தில், ஃபிரைபூர்க் மாநிலத்தின் எல்லையை ஒட்டி, ஆல்ப்ஸின் அடிவார மலைகளில் சிதறிக் கிடக்கும் பண்ணைவீடுகளைக் கொண்ட ஊர்.

எழுத்தாளரின் தாத்தா உல்ரிஹ் டூரன்மாட் 1849இல் குகிஸ்பெர்க்கைச் சேர்ந்த ஷ்வாண்டாக்கர் என்ற குடியிருப்பில் பிறந்தவர். அந்தக் குடியிருப்பின் பெயரிலும் மேலே சொன்ன ‘ஷ்வாண்ட்’ இருப்பதைக் கவனிக்கலாம்.

‘பூர்விக ஊர்’ என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்?

சுவிஸ் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் சட்டப்படி ஒரு ‘ஹைமாட்டோர்ட்’ உண்டு. அது அவர் பிறந்த ஊராகவோ வாழும் ஊராகவோ இருக்க வேண்டியதில்லை. பலர் அங்கே ஒருமுறைகூடப் போயிருக்கமாட்டார்கள். முன்னோர் எந்த ஊராட்சியின் குடியுரிமையைப் பெற்றிருந்தார்களோ, அந்த ஊர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகிறது. சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த ஊருக்குப் பதிலாக இந்த ஊரின் பெயரே அச்சிடப்படுகிறது. டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் பாசல் நகரில் பிறந்தவர், ஆனால் அவருடைய ஹைமாட்டோர்ட் நாட்டின் கிழக்கு ஓரத்தில், சாங்க்ட் காலன் மாநிலத்தில் உள்ள பெர்னெக்.

இந்த ஏற்பாட்டின் வேர் ஏழைகளுக்கு உதவும் பொறுப்பில் இருக்கிறது. ஒவ்வோர் ஊரும் தன் ஏழைகளைத் தானே காப்பாற்ற வேண்டும் என்று சுவிஸ் கூட்டமைப்பின் பேரவை 1551இல் முடிவெடுத்தது. பெர்ன் அரசு 17ஆம் நூற்றாண்டில் அதைக் கடுமையாக நடைமுறைப்படுத்தியது. வறுமையில் வீழ்ந்த ஒருவருக்குச் சோறு போட வேண்டிய ஊர் எது என்ற கேள்விக்கு எழுத்தில் விடை இருந்தே தீர வேண்டிய நிலை வந்தது. அதனால் எந்தக் குடும்பம் எந்த ஊருக்கு உரியது என்ற பதிவு கவனமாகப் பேணப்பட்டது. எந்த ஊருக்கும் உரிமையற்று அலைந்தவர்களுக்கு ஏதேனும் ஓர் ஊரின் குடியுரிமையைக் கட்டாயமாக வழங்கும் கூட்டாட்சிச் சட்டம் 1850இல் வந்தது.

பெயராய்வாளருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. வேறு பல நாடுகளில் ஒரு பெயரின் பிறப்பிடத்தை ஊகிக்க வேண்டியிருக்கும்போது, சுவிட்சர்லாந்தில் அது குடும்ப ஆவணத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஊரின் பெயர் குகிஸ்பெர்க் என்றால், குடும்பத்துக்கு அந்தப் பெயர் ஏன் வரவில்லை?

ஊருக்குள் வாழும் அனைவரும் குகிஸ்பெர்க்கைச் சேர்ந்தவர்கள் என்பதால், அங்கே அந்தப் பெயரால் ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஊருக்குள் ஆளை அடையாளம் காட்டப் பண்ணையின், சரிவின், புல்நிலத்தின் பெயர் தேவைப்படுகிறது. ஊரைவிட்டு வெளியேறியவரைப் புதிய ஊரார் அவர் வந்த ஊரின் பெயரால் அழைக்கிறார்கள். டூரன்மாட் தங்கியவரின் பெயர். குகிஸ்பெர்க் என்றே ஒரு குடும்பப்பெயரும் இருக்கிறது, அது வெளியேறியவரின் பெயர்.

அந்த இரண்டாம் பெயர் வெகுதூரம் சென்றது. கனடாவின் ஒன்டாரியோவில் 1869இல் சுவிஸ் வழிவந்த குடும்பத்தில் பிறந்த கோர்டன் குகிஸ்பெர்க், பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளராகி, 1919 முதல் 1927 வரை இன்றைய கானாவான கோல்ட் கோஸ்ட்டின் ஆளுநராக இருந்தார். தக்கோராடித் துறைமுகமும் அச்சிமோட்டாக் கல்லூரியும் அவருடைய ஆட்சிக்காலத்துத் திட்டங்கள். ஒரு மலையூரின் பெயர் மேற்கு ஆப்பிரிக்க வரலாற்றில் இடம்பெற, அதே மலையின் ஒரு புல்நிலத்தின் பெயர் உலக நாடக வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது.

மைத்தடச் சோதனையால் புகழ்பெற்ற உளநல மருத்துவர் ஹெர்மான் ரோர்ஷாஹ் கதையும் இரண்டாம் வகையே. ரோர்ஷாஹ் என்பது போடன்சே ஏரிக்கரையில் உள்ள ஒரு நகரம். ஆனால் அவருடைய குடும்பத்தின் ஹைமாட்டோர்ட் அதே கரையில் சற்றுத் தள்ளியிருக்கும் ஆர்பொன்.

இந்தப் பெயர் எப்போது நிலைபெற்றிருக்கும்?

ஜெர்மன் பேசும் சுவிட்சர்லாந்தில் குடும்பப்பெயர் வழக்கம் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பாசல், ஜூரிக் போன்ற நகரங்களில் தொடங்கியது. மலைப்பகுதி உழவர்களிடம் அது பிந்தியே பரவியது; 15, 16ஆம் நூற்றாண்டுகள் வரைகூட இடம் மாறினால் பெயரும் மாறுவது வழக்கில் இருந்தது. பண்ணையை விற்றுவிட்டு அடுத்த சரிவுக்குப் போனவர் அங்குள்ள பண்ணையின் பெயரைப் பெற்றுவிடுவார். தந்தைக்கும் மகனுக்கும் வெவ்வேறு பெயர்கள் இருப்பது அக்காலத்தில் பிழை அன்று.

பெயரை உறையச் செய்தது பதிவேடு. 1528இல் பெர்ன் சீர்திருத்தத் திருச்சபையைத் தழுவியபின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் வரத் தொடங்கின. இறப்புப் பதிவேடுகள் 18ஆம் நூற்றாண்டில்தான் முறையாகின. 1876 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதியும் பொறுப்பு நாடு முழுவதும் திருச்சபையிடமிருந்து அரசுக்கு மாறியது. அத்துடன் எழுத்துக்கூட்டலும் உறுதியாயிற்று.

இது உண்மையிலேயே அரிய பெயரா? பலமுறை கேள்விப்பட்டிருக்கிறேனே?

ஒரு பெயர் காதில் விழும் எண்ணிக்கைக்கும் அதைத் தாங்குவோரின் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. ரோர்ஷாஹ் என்ற பெயர் உளவியல் படிக்கும் ஒவ்வொரு மாணவரின் வாயிலும் வருகிறது, ஆனாலும் அது அரிய பெயரே. டூரன்மாட்டும் அப்படித்தான்: ஓர் எழுத்தாளரின் நாடகங்கள் பள்ளிகளில் பாடமாக இருப்பதால் பெயர் பரவலாகத் தெரிகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, நாட்டின் மிகப் பரவலான குடும்பப்பெயர் ம்யூல்லர். மாவாலைக்காரரைக் குறிக்கும் அந்தப் பெயர் 50,000க்கும் மேற்பட்டோருக்கு இருக்கிறது. அதற்கு அடுத்த வரிசையில் மையர், ஷ்மிட், கெல்லர், வேபர் ஆகியவை வருகின்றன. பண்ணைக் காரியக்காரர், கொல்லர், நிலவறைப் பொறுப்பாளர், நெசவாளர் ஆகியோர் ஒவ்வோர் ஊரிலும் இருந்ததால், இந்தப் பெயர்கள் ஒன்றோடொன்று தொடர்பின்றி நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியே தோன்றின. குறிப்பிட்ட ஒரு பண்ணையின் பெயரை ஏற்ற குடும்பத்துக்கு அத்தகைய பெருக்கம் கிடைப்பதில்லை.

ஒரு பெயர் எவ்வளவு பரவலானது என்பதை எப்படி அறிவது?

இரண்டு மூலங்கள் உள்ளன, அவை இரண்டும் வெவ்வேறு பொருளை எண்ணுகின்றன என்பதை மறக்கக் கூடாது.

முதலாவது, ‘ஃபமீலியன்நாமன்பூஹ்’ எனப்படும் சுவிஸ் குடும்பப்பெயர்த் தொகுப்பு. 1962ஆம் ஆண்டு நிலவரப்படி எந்தெந்தக் குடும்பப்பெயர்களுக்கு எந்தெந்த ஊராட்சிகளில் குடியுரிமை இருந்தது என்பதை இது பட்டியலிடுகிறது. இதன் மூன்றாம் பதிப்பு 1989இல் வெளிவந்தது. இதில் ஊர்ப்பெயரின் பக்கத்தில் வரும் ஒற்றை எழுத்துக்குறி மிக முக்கியமானது. அந்தக் குடும்பம் 1800க்கு முன்பே அவ்வூரின் குடியாக இருந்ததா, 19ஆம் நூற்றாண்டில் சேர்ந்ததா, 1901க்குப் பிறகு வந்ததா என்பதை அது காட்டும். ஒரு பெயருக்கு எதிரே பத்து ஊர்கள் இருந்தாலும், அவற்றில் ஒன்று மட்டும் 1800க்கு முந்தியது என்றால், பிறப்பிடத்தை அங்கேதான் முதலில் தேட வேண்டும். இந்தத் தொகுப்பில் ஆட்களின் எண்ணிக்கை கிடையாது. ஓர் ஊரில் ஒரே ஒரு முதியவர் மிஞ்சியிருந்தாலும், முன்னூறு பேர் இருந்தாலும் பதிவு ஒன்றுதான்.

இரண்டாவது, கூட்டாட்சிப் புள்ளியியல் அலுவலகம் வெளியிடும் குடும்பப்பெயர்ப் பட்டியல். இது நாட்டில் நிரந்தரமாக வசிப்போரை எண்ணுகிறது. எந்த அஞ்சல் வட்டாரத்தில் எத்தனை பேர் என்றுகூடப் பார்க்கலாம். தனிமனிதரின் அடையாளம் வெளிப்படாமல் இருக்க, மிகச் சிலரே தாங்கும் பெயர்கள் பட்டியலில் விடப்படுகின்றன. ஆகவே பட்டியலில் இல்லாத பெயர் அழிந்துபோன பெயர் என்று முடிவுகட்டக் கூடாது. வெளிநாட்டில் வாழும் சுவிஸ் குடிமக்கள் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களும் இந்த எண்ணிக்கையில் வரமாட்டார்கள். ஏறத்தாழ 90 லட்சம் மக்கள் கொண்ட நாட்டுக்கு இது சிறிய விடுபாடு அன்று.

எண்ணிக்கை ஆண்டுதோறும் மாறும். அரிய பெயர்களில் ஒரு குடும்பம் இடம்பெயர்ந்தாலே சதவீதம் வெகுவாக ஏறி இறங்கும் என்பதால், எந்த எண்ணைச் சொன்னாலும் அது எந்த ஆண்டுக்குரியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தப் பெயர் ஏன் பெருகவில்லை?

முதற்காரணம் ஒற்றைப் பிறப்பிடம். இரண்டாவது காரணம் பெயர் இறங்கும் வழி. நெடுங்காலம் பெயர் ஆண்வழியில் மட்டுமே இறங்கியது. பெண்மக்கள் மட்டுமே பிறந்த கிளையும், மணமாகாமலே இறந்த மகன்களின் கிளையும் பெயரைப் பொறுத்தவரை அத்துடன் முடிந்துவிடும், இரத்த உறவு தொடர்ந்தாலும். பிரபுக் குடும்பங்களின் பெயர்கள் ஏன் இவ்வளவு விரைவாக அற்றுப்போகின்றன என்று ஃபிரான்சிஸ் கால்ட்டன் எழுப்பிய கேள்விக்கு, ஹென்றி வில்லியம் வாட்சனோடு சேர்ந்து 1874இல் வெளியிட்ட கட்டுரையில் கணித விடை தேடப்பட்டது. சிலரே தாங்கும் பெயர், மக்கள்தொகை குறையாதபோதும், சில தலைமுறைகளில் தற்செயலாகவே அற்றுப்போகும் வாய்ப்பு மிகுதி என்பது அந்த வழியில் வளர்ந்த கணிதத்தின் முடிவு. பல அரிய சுவிஸ் பெயர்கள் இவ்வாறு மறைந்துள்ளன. டூரன்மாட் அந்த ஆபத்தைக் கடந்து வந்த பெயர்களுள் ஒன்று.

மூன்றாவதாக, மலையூர்களில் நிலம் பெருகுவதில்லை. பண்ணையை ஒரு பிள்ளை எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் கூலிவேலைக்கும் கைத்தொழிலுக்கும் அந்நியப் படைகளுக்கும் கடல் கடந்தும் போனார்கள். குகிஸ்பெர்க் வட்டாரம் ஏழ்மைக்குப் பேர்போனது.

திருமணச் சட்டத்தில் வந்த மாற்றம் இதைப் பாதிக்குமா?

பாதிக்கும். 2013 ஜனவரி 1 முதல், மணம் செய்யும் இருவரும் தத்தம் பெயரை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். விரும்பினால் இருவரில் ஒருவரின் பெயரைப் பொதுக் குடும்பப்பெயராகத் தேர்ந்தெடுக்கலாம். திருமணத்தால் ஹைமாட்டோர்ட்டும் மாறுவதில்லை. பிள்ளைக்கு எந்தப் பெற்றோரின் பெயர் வருகிறதோ, அவருடைய ஊரே பிள்ளைக்கும் வரும். அரிய பெயரைத் தாங்கும் ஒரு பெண் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க இப்போது நேரான வழி இருக்கிறது. அதே சட்டத்தின் விளைவாக, புல்நிலத்தோடும் மலையூரோடும் ஆண்வழித் தொடர்பில்லாதவர்களும் இந்தப் பெயரைத் தாங்கலாம். இது நல்ல மாற்றம் என்பதே என் உறுதியான கருத்து. ஆய்வாளருக்கு வேலை சற்றுக் கூடும், அவ்வளவே.

இந்தப் பெயரைத் தாங்கியவர்களில் வேறு யார் அறியப்பட்டவர்கள்?

எழுத்தாளர் பிறப்பதற்கு முன்பே இந்தப் பெயரை நாடறியச் செய்தவர் அவருடைய தாத்தா உல்ரிஹ். ஆசிரியராகத் தொடங்கி, ஹெர்ட்சோகன்புக்சே என்ற சிற்றூரில் ‘பெர்னர் ஃபோல்க்ஸ்ட்சைட்டுங்’ செய்தித்தாளின் ஆசிரியரானார். ஆளும் தரப்பைச் சாடும் கவிதைகளை முதற்பக்கத்தில் எழுதினார். ஒரு கவிதைக்காகச் சிறையிலும் அடைக்கப்பட்டார். 1902இல் தேசிய அவை உறுப்பினரான அவர் 1908இல் இறந்தார். அவருடைய மகன்களில் ஹூகோ பெர்ன் மாநில அரசில் அமைச்சர் நிலையில் இருந்தார், ரைன்ஹோல்ட் போதகரானார். போதகரின் மகன்தான் நாடக ஆசிரியர். பாசலில் செய்தித்தாள் ஆசிரியராகவும் வரலாற்றாசிரியராகவும் விளங்கிய பேட்டர் டூரன்மாட்டும் (1904–1989) இதே குடும்பத்தவர்.

பெயர் இன்று ஒரு கட்டடத்துக்கும் உரியது. நுஷாட்டெலில் எழுத்தாளர் வாழ்ந்த இடத்தில், கட்டடக் கலைஞர் மாரியோ போட்டா வடிவமைத்த டூரன்மாட் மையம் 2000இல் திறக்கப்பட்டது. அவர் தீட்டிய ஓவியங்கள் அங்கே வைக்கப்பட்டுள்ளன.

பழைய பதிவேடுகளில் தேடும்போது என்னென்ன எழுத்து வேறுபாடுகளை எதிர்பார்க்க வேண்டும்?

1876க்கு முன் போதகர் காதில் விழுந்தபடி எழுதினார் என்பதால், ஒற்றெழுத்து ஒன்றாகவும் இரட்டித்தும் வரும். உயிரெழுத்தின் மேற்புள்ளிகள் இருக்கும் அல்லது விடப்பட்டிருக்கும். பிரெஞ்சு பேசும் பகுதியிலும் அமெரிக்காவிலும் மேற்புள்ளிகள் உதிர்வது இயல்பு. அல்லது அவற்றுக்கு ஈடாக ஓர் எழுத்துக் கூடுதலாகச் சேர்க்கப்படும். இவை ஒரே பெயரின் வடிவங்கள்தான்.

பழைய ஜெர்மன் கையெழுத்தான ‘கூரென்ட்’ இன்னொரு சிக்கல். அதில் ‘எ’ ஒலிக்குரிய எழுத்தும் ‘ன்’ ஒலிக்குரிய எழுத்தும் இரண்டு சிறு செங்குத்துக் கோடுகளாகவே தோன்றும். டூரன்மாட் என்ற பெயரின் நடுவில் இந்த இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. பழகாத கண் கோடுகளை மாற்றி எண்ணிவிடும்.

பெண்களின் பெயர்களில் தனிக் கவனம் வேண்டும். பழைய பதிவுகளில் பெண்ணின் குடும்பப்பெயரோடு ‘இன்’ என்ற விகுதி சேர்த்து, ம்யூல்லர் குடும்பத்துப் பெண்ணை ‘ம்யூல்லரின்’ என்று எழுதுவது வழக்கம். அதை வேறு பெயர் என்று நினைத்துப் பட்டியலிட்டவர்கள் உண்டு. மணமானவர்கள் கணவர் பெயரையும் மனைவியின் பிறந்தகப் பெயரையும் சிறுகோட்டால் இணைத்து எழுதும் வழக்கமும் சுவிட்சர்லாந்தில் நெடுநாளாக இருக்கிறது. அந்த இரட்டைப் பெயரின் பிற்பாதியைப் பார்க்கத் தவறினால் பெண்வழி முழுவதும் கைநழுவிப் போகும்.

டூரன்மாட் என்ற பெயருள்ளவர்கள் அனைவரும் உறவினரா?

ஒரே பூர்விக ஊர் என்பது வலுவான குறிப்பு. ஆனால் அது மட்டுமே நிரூபணம் ஆகாது. ஒரு பண்ணையில் முதலில் ஒரு குடும்பமும் பிறகு வேறொரு குடும்பமும் வாழ்ந்து, இரண்டுக்கும் பண்ணையின் பெயரே ஒட்டியிருக்கலாம். பதிவேட்டில் தந்தை, தாய், சாட்சிகள் என்று படிப்படியாகப் பின்னோக்கிச் சென்று சேரும் புள்ளி கிடைத்தால்தான் உறவு என்று சொல்லலாம்.

அரிய பெயர் என்றாலே பழைய சுவிஸ் பெயர்தானா?

இல்லை, இது பரவலான தவறான எண்ணம். புள்ளியியல் பட்டியலில் மிகச் சிலர் மட்டுமே தாங்கும் பெயர்களில் பெரும்பகுதி அண்மைக் காலத்தில் குடிவந்தவர்களுடையது. இதற்கு நம்மவரே நல்ல எடுத்துக்காட்டு. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து சுவிட்சர்லாந்துக்குப் போன தமிழர்களுக்குப் பரம்பரைக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை. தந்தையின் பெயரே பெரும்பாலும் குடும்பப்பெயருக்கான கட்டத்தில் பதிவாயிற்று. ஒவ்வொரு தந்தையின் பெயரும் ஒரு புதிய குடும்பப்பெயராகிவிட்டதால், உடன்பிறந்தோர் மக்களுக்குள்கூடப் பெயர் வேறுபடுகிறது. அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் அரிதாகவே தோன்றும். குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்களுக்கு அவர்கள் குடியுரிமை பெற்ற ஊரே ஹைமாட்டோர்ட் ஆகிறது. எனவே பெயர் அரிதா என்பதை எண்ணிக்கைப் பட்டியலிலும், அது பழையதா என்பதை 1962 நிலவரத் தொகுப்பிலும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

இந்தக் குடும்பத்துக்குச் சின்னம் உண்டா? இணையத்தில் விற்கிறார்களே?

பெயரை வைத்துச் சின்னத்தை விற்பவர்களை நம்ப வேண்டாம். சின்னம் ஒரு குறிப்பிட்ட ஊரைச் சேர்ந்த குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது. பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் அது உங்களுடையதாகாது. மாநில ஆவணக் காப்பகங்களில் ஊர்வாரியாகத் தொகுத்த குடும்பச் சின்னப் பதிவுகள் உள்ளன, அங்கே கேட்டறியலாம்.

என் முன்னோரில் ஒருவருக்கு இப்படியொரு அரிய சுவிஸ் பெயர் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஹைமாட்டோர்ட்டிலிருந்து தொடங்குங்கள். பழைய கடவுச்சீட்டு, திருமணச் சான்று, குடும்பப் புத்தகம், படைச் சேவைப் புத்தகம் ஆகியவற்றில் அது இருக்கும். பெயர் மட்டும் தெரிந்து ஊர் தெரியாவிட்டால், குடும்பப்பெயர்த் தொகுப்பில் 1800க்கு முந்தைய ஊர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊராட்சிகள் பல இணைந்துவிட்டன என்பதை நினைவில் வைக்க வேண்டும்: 1960வாக்கில் 3,000க்கு மேல் இருந்தவை இன்று 2,100 அளவுக்குச் சுருங்கிவிட்டன. நேர்மாறாகப் பிரிந்தவையும் உண்டு. ரூஷெக் 1860இல் குகிஸ்பெர்க்கிலிருந்து பிரிந்து தனி ஊராட்சியானது; அந்த ஆண்டுக்கு முந்தைய ரூஷெக் செய்திகளைக் குகிஸ்பெர்க் ஏடுகளில்தான் தேட வேண்டும்.

பெர்ன் மாநில ஆவணக் காப்பகம் பழைய திருச்சபைப் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. அண்மைக்காலக் குடிமைப் பதிவுகள் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டவை. அவற்றைப் பெற உறவுமுறையைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். பெயரின் பொருளுக்கு, 1881 முதல் பகுதி பகுதியாக வெளிவந்துகொண்டிருக்கும் சுவிஸ்-ஜெர்மன் பேரகராதியான ‘இடியோட்டிகோன்’ இணையத்திலேயே கிடைக்கிறது. இடப்பெயர்களுக்கும் தனித் தரவுத்தளம் உண்டு.

குகிஸ்பெர்க் வட்டாரத்துக்குச் சிறப்பான ஒரு குறிப்பு. அந்தப் பகுதியை 1423 முதல் 1798 வரை பெர்னும் ஃபிரைபூர்க்கும் கூட்டாக ஆண்டன. இரு நகரங்களும் மாறி மாறி ஆளுநரை அனுப்பின. திருச்சபை பெர்னைப் பின்பற்றியதால் திருமுழுக்கும் திருமணமும் பெர்ன் பக்கத்து ஏடுகளில் கிடைக்கும். நிலம், வரி, வழக்கு பற்றிய தாள்களை ஃபிரைபூர்க் ஆவணக் காப்பகத்திலும் தேடிப் பார்க்க வேண்டும். ஒரு பண்ணை யார் கையில் இருந்தது என்ற செய்தி பெரும்பாலும் அத்தகைய தாள்களில்தான் கிடைக்கும்.